ஐந்தருவி வளைவில் நிற்கும் வண்டி

தென்காசியில் என்னை முதலில் வரவேற்றது காற்று. பேருந்தை விட்டு இறங்கி நின்றதும் அது என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு பூக்காரியின் கூடைக்குள் போட்டது. யாழ்ப்பாணத்திலும் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் காற்றில் உப்பு இருக்கும், உதட்டை நக்கினால் தெரியும். இந்தக் காற்றில் ஈரம் இருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டை நனைந்தது. "சாரல்லா அண்ணாச்சி, சீசன்ல இப்பிடித்தான்" என்று சொல்லித் தொப்பியை உதறித் தந்தாள் பூக்காரி.

நான் அருவியில் குளிக்க வந்தவன் அல்ல. துக்கம் விசாரிக்க வந்தவன். சுடலைமுத்துவும் நானும் கத்தாரில் ஒரு வாகனப் பட்டறையில் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். இருவருக்கும் வண்டிகளின் மின்சார வேலை. கட்டிலின் மேல்தட்டு அவனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. பிறகு நான் ஊருக்குத் திரும்பிச் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். அவன் இங்கே வந்து ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கி, அருவிக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கினான். போன சீசனில், ஐந்தருவிக்குப் போகும் வழியில் நெஞ்சு வலிக்கிறதென்று வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலை வைத்தவன் எழும்பவே இல்லை. வந்து பார்க்க எனக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது.

"அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது சுடலையின் குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. திரும்பினால், ஒல்லியாக, நெற்றி நிறையத் திருநீறோடு அவன் தம்பி இசக்கி நின்றான். அண்ணன் தம்பிக்குக் குரல் ஒன்றாக இருப்பது புதினம் இல்லைதான். ஆனாலும் செத்தவனின் குரல் "பையக் குடுங்க" என்று கேட்டால் கை உடனே நீளமாட்டேன் என்கிறது.

வேன் சுடலை ஓட்டிய அதே வேன்தான், வெள்ளை நிறம்; இப்போது இசக்கி ஓட்டுகிறான். இந்த வகை வேனுக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் இன்ஜின். நான் முன்கதவில் கை வைத்தேன்.

"அங்கன வேண்டாம் அண்ணாச்சி. பின்னால இருங்க" என்றான் இசக்கி அவசரமாக.

"ஏன், முன்னுக்கு ஆரும் இருக்கினமோ?" என்று பகிடியாகக் கேட்டேன். அவன் சிரிக்காமல் பின்கதவைத் திறந்துவிட்டான்.

கதவைச் சாத்தியதும் ஒரு வாடை மூக்கில் ஏறியது. எலுமிச்சம்பழ வாடை. புதுப்பழத்தின் வாசம் இல்லை. வெந்து, புளித்து, கரிந்து, தொண்டையில் போய் நிற்கிற வாடை. என்ன இது என்று கேட்டேன். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஒன்று அடித்ததாகச் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் என்று அப்போதே தெரிந்தது. எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒருவன் ஏன் பொய் சொல்லவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

வீடு இலஞ்சியைத் தாண்டி வயல்களின் ஓரத்தில் இருந்தது. சுடலையின் மனைவி பேச்சி வாசலில் நின்றாள். எங்கள் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் பெண்கள் அழுவார்கள். அவர்கள் அழுதால்தான் வந்தவனுக்கும் அழ ஒரு வழி கிடைக்கும். பேச்சி அழவில்லை. "வாங்கண்ணாச்சி. நீங்க வாறியன்னு நேத்துலருந்து சொல்லிக்கிட்டேல்லா இருக்கேன்" என்றாள். வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. இசக்கியும் அவன் மனைவியும் இருப்பது அடுத்த தெருவில். பேச்சி யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் சொதி. எங்கள் சொதி தண்ணீராக இருக்கும், இடியப்பத்துக்கு மேல் ஊற்றிக்கொள்வது. இங்கே சொதி என்றால் விருந்து. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. துக்க வீடு என்பதை மறந்து திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது, நாக்குக்குத் துக்கம் தெரியாது. "அவிய பச்சடியத் தொடவே மாட்டாவ. நெஞ்சக் கரிக்குதும்பாவ" என்றாள் பேச்சி. பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. என்னையும் அறியாமல் அந்த அறைப்பக்கம் பார்த்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம் இசக்கி என்னைப் பரோட்டா சாப்பிட பிரானூருக்குக் கூட்டிப்போனான். வேனில் இல்லை, மோட்டார் சைக்கிளில். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கொத்துரொட்டி நாட்டுக்காரன், சாதாரணமாகப் பிறத்தியார் ரொட்டியை மெச்சமாட்டேன். இதை மெச்சினேன். இசக்கி தன் இலையில் கை வைக்காமல் இருந்தான்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட சொன்னா என்ன" என்று ஆரம்பித்தான். "அந்த வண்டி தென்காசிக்குள்ள குதிர மாதிரி ஓடுது. சுரண்டைக்குப் போகுது, புளியங்குடிக்குப் போகுது, ஒரு கொறையும் கெடையாது. ஐந்தருவி வளவுக்கு வந்தா மட்டும் ரெண்டு மூணு தடவ இருமும். ஒடனே நின்னுரும். அண்ணன் செத்த அதே எடத்துல. கொஞ்ச நேரம் கெடந்துட்டு அதுவா ஸ்டார்ட் ஆகுது."

"மெக்கானிக்கிட்டக் காட்டினனியோ?"

"காட்டாம? ஆரம்பத்துலயே காட்டுனேன். பெட்ரோல்ல தண்ணின்னான், கார்பரேட்டர்ல தூசின்னான். கழட்டி மாட்டுனான். பட்டறையில நல்லாத்தான ஓடுது, அவன் என்ன செய்வான்?"

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. சுடலை வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். சுற்றுலா வருகிறவர்களிடம் மற்ற டிரைவர்களே சொல்லிவிடுகிறார்கள். யாரும் ஏறுவதில்லை. நாளை மறுநாள் புனலூரிலிருந்து ஒருவன் வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறான். பேச்சியும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டாளாம்.

"ஆனா மதினிக்கு மனசே இல்ல அண்ணாச்சி. தினம் பழம் விக்கப் போகையில அந்த வண்டியிலதான் போவா. அண்ணன் அதுலதான் இருக்காருன்னு சொல்லுதா."

"நீ என்ன நினைக்கிறாய்?"

இசக்கி குனிந்து இலையைப் பார்த்தான். "எனக்கும் இருக்காருன்னுதான் பயம்" என்றான்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊரில் செத்துப்போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் அவர்களிடம் கேட்க எங்களுக்கு நிறைய இருந்தது. இசக்கியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் மங்குஸ்தான் கூடைகளை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. சீசன் நாட்களில் ஐந்தருவியில் பழம் விற்பது பேச்சியின் தொழில். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு உட்கார்ந்ததைப் பின்னால் கூடைகளுக்கு நடுவில் இருந்த நான் கவனித்தேன். எலுமிச்சை வாடை இன்னும் இருந்தது. சூடு ஏற ஏற வாடையும் ஏறியது.

குற்றாலத்தில் ஒரே சனம். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஆண்கள் துண்டோடு நடந்துகொண்டிருந்தார்கள், பார்க்க இப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த பஜ்ஜிபோல. உண்மையான மிளகாய் பஜ்ஜி தெருவுக்குத் தெரு வெந்துகொண்டிருந்தது. குரங்கு ஒன்று ஒரு பிள்ளையின் கையிலிருந்து சோளத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. இசக்கி வண்டியை மெதுவாக்கி, ஓரமாக நின்ற ஒரு மலையாளக் குடும்பத்தைப் பார்த்து "ஐந்தருவி, ஐந்தருவி" என்றான். கணவன் பையைத் தூக்கினான். மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். எனக்கு மலையாளம் அரைகுறை, ஆனாலும் விளங்கியது. இந்த வண்டியில்தான் அந்த ஆள் செத்தது, டீக்கடைக்காரன் சொன்னது மறந்துபோனதா என்று கேட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டார்கள். பேச்சிக்கும் அது கேட்டிருக்கும். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் குறைந்து, மரங்கள் நெருங்கி வந்தன. மேகம் மலையிலிருந்து இறங்கி ரோட்டின் மேலேயே படுத்திருந்தது. ஒரு வளைவு. ஒரு பெரிய நாவல் மரம். மேட்டிலிருந்து வழியும் ஓடைத் தண்ணீர் அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி அதில் இறங்கியபோது தண்ணீர் அடித்தட்டில் பளீரென்று அடித்தது. இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நாவல் மரத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

இசக்கி ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உதடு முணுமுணுத்தது. வெளியே சாரல் மட்டும். அத்தனை கூட்டத்தின் சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் இன்ஜின் ஆறும் சத்தம் டிக், டிக் என்று கேட்டது.

பேச்சி குனிந்து, சீட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சாதாரணக் குரல், சாப்பிடும்போது புருஷனிடம் பேசுகிற குரல்.

"கேட்டியளா? ஒங்க கூட்டாளி சிலோன்லருந்து வந்திருக்காவ. பின்னாலதான் இருக்காவ. திரும்பிப் பாக்காண்டாம், பயந்திருவாவ."

முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நாளைக்கி வண்டி கைமாறுது. என்னயத் திட்டாதிய, வேற வழி தெரியல. புனலூருக்குப் போகுதாம். நீங்க அதுகூடப் போவியளா, இல்ல இங்கனயே எறங்கிருவியளா? எறங்குனா நான் எங்கன வந்து பாக்க?"

பதில் வரவில்லை. வரும் என்பதுபோல மூன்று பேரும் காத்திருந்தோம். கடைசியில் அவள் நிமிர்ந்து, "சரி, எடு" என்றாள். இசக்கி சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பேய் இல்லை என்று நேற்றுத்தான் சொல்லிச் சிரித்தவன் நான். ஐந்தருவி வரும்வரை ஒரு மங்குஸ்தான் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அருவிச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மங்குஸ்தானை உடைத்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கத்தாரில் சில காலைகளில் வானமே வியர்க்கும். அந்த நாட்களில் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். பிளக்குக்கும், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயிலுக்கும் போகிற வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஈரம் பட்டதும் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தப் பச்சை வழியாக வெளியே கசிந்துவிடும், இன்ஜின் இருமி நிற்கும். இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதற்காகவே சுடலை எப்போதும் சட்டைப்பையில் சிலிக்கான் கிரீஸ் வைத்திருப்பான். அது வழுக்கலான, கண்ணாடி மாதிரி ஒரு மை. பிளக்கை மூடும் ரப்பர் தொப்பிக்குள் தடவிவிட்டால் தண்ணீர் அண்டாது. அப்படிப்பட்டவனின் வண்டியில் பச்சை பிடிக்குமா? அதுதான் எனக்குக் கணக்கில் வரவில்லை.

பழம் விற்று முடித்து வீடு திரும்பியதும் பேச்சியிடம் கேட்டேன். "தங்கச்சி, அவங்கள் வந்து கொண்டுபோக முன்னம் நான் ஒருக்கா வண்டியைப் பாக்கட்டோ?"

அவள் காலிக் கூடைகளை இறக்கி வைத்தாள். "நீங்க பாத்தா அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள்.

அடுத்த நாள் காலையில் தென்காசி கடைத்தெருவுக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைக்காரர் சிலிக்கான் கிரீஸ் கேட்டவனை ஏற இறங்கப் பார்த்தார். "வாசலின் தாறேன், இல்லன்னா தேங்காண்ணெய் தடவுங்க. இங்கன எல்லாவனும் அதான செய்யுதான்" என்றார். வாசலின் பேட்டரி முனைக்குச் சரி, இன்ஜின் சூட்டில் ரப்பர் தொப்பியை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்றேன். தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, ஊர் விட்டு ஊர் வந்து சண்டை எதற்கு. கடைசியில் உள்ளே போய்த் தேடி, தூசி படிந்த ஒரு டியூபைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துப் பலசரக்குக் கடையில் சமையல் சோடா வாங்கிக்கொண்டேன்.

வாசலில் வேனை நிறுத்தி, முதலில் பேட்டரியின் வயரைக் கழற்றினேன். பேச்சி பக்கத்தில் நின்றாள். இசக்கி கொஞ்சம் தள்ளி நின்றான். நான் முன்சீட்டின் கொக்கியை எடுக்கப் போனதும் அவன் ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, அத நான் தூக்குதேன். நீங்க செத்த நேரம் அங்கிட்டு இருங்க."

"எனக்குச் சீட்டுத் தூக்கத் தெரியாதோ?" என்று தூக்கிவிட்டேன்.

வாடை முகத்தில் அறைந்தது. இன்ஜினுக்குப் பக்கத்தில், இக்னிஷன் காயில் இருக்கும் மூலையில், எலுமிச்சம்பழங்கள். நாலாகப் பிளந்து, குங்குமமும் கல்லுப்பும் அடைத்து, கறுப்புக் கயிற்றால் கட்டிய பழங்கள். அடியில் இருந்தவை கரியாகியிருந்தன. நடுவில் இருந்தவை அழுகி ஒழுகியிருந்தன. மேலே ஒன்று புதிதாக, மஞ்சளாக. குங்குமம் கரைந்து வழிந்த சிவப்பு, காயிலின் மேலும் வயர்களின் மேலும் காய்ந்து கிடந்தது. பார்த்ததும் நான் ஓர் அடி பின்னால் போனேன்.

பேச்சி குனிந்து பார்த்தாள். அவள் தினமும் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே.

"என்னலே இது?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குறி சொல்லுத கோடாங்கி குடுத்தான் மதினி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுசு வைக்கச் சொன்னான். வண்டியில யாரும் அண்டாம இருக்கணும்னு."

"யாரும்னா?"

அவன் சீட்டை இறக்கி மூடப் போனான்.

"ஒங்க அண்ணனயாலே வெரட்டுன? என் சீட்டுக்குக் கீழ வச்சா வெரட்டுன?"

"பயமா இருந்திச்சு மதினி. எனக்கும் வண்டிதான சோறு" என்றான். அண்ணனின் குரலில் அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. மூன்று பிளக்கில் முன்னால் இருந்த இரண்டின் தொப்பிகளையும் இழுத்துக் காட்டினேன். உள்ளே பித்தளை முழுவதும் பச்சை, பாசி பிடித்த குளப்படிபோல. காயில் முனையும் அப்படியே. உப்பும் புளிப்பும் குங்குமமும் ஒழுகி ஒழுகி அரித்திருந்தது. வளைவில் ஓடைத் தண்ணீர் கீழிருந்து அடித்ததும் பொறி எல்லாம் இந்தக் கசட்டு வழியாகப் போய்விடுகிறது, வண்டி நிற்கிறது, காய்ந்ததும் ஓடுகிறது என்று விளக்கினேன். விரட்ட வைத்த பழம்தான் வண்டியை நிறுத்தியது என்றும் சொன்னேன்.

"பழம் வைக்குததுக்கு முன்னாலயும் நின்னுச்சே" என்றான் இசக்கி.

"முதல் முறை எப்ப நிண்டது?"

"அண்ணன் போன கொஞ்ச நாள்ல, பெரிய மழ. அந்த வளவுல தண்ணி முழங்காலுக்கு நின்னுச்சு. நானே சீட்டத் தூக்கி இந்த ரெண்டையும் கழட்டித் தொடச்சேன். உள்ள பிசுபிசுன்னு ஒரே அழுக்கு. துணிய பெட்ரோல்ல முக்கி சுத்தமா எடுத்துட்டேன்."

அவன் துடைத்தது அழுக்கு இல்லை. சுடலை தடவி வைத்த மை. அதற்குப் பிறகு அந்த இரண்டு முனைக்கும் காவல் இல்லை. இதையும் சொன்னேன். இசக்கி கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

பேச்சி என்னைப் பார்த்தாள். "அப்பம், அவிய வரவே இல்லியா?"

நான் கையில் இருந்த பச்சை படிந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, நான் இதைச் செய்யட்டோ, விடட்டோ? நீங்க சொல்லுறதுதான்" என்றேன் பிறகு.

"செய்யாட்டா புனலூர்க்காரன் சாயங்காலம் வந்து கொண்டு போயிருவான். செஞ்சா அவிய போயிருவாவ" என்றாள். வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் சேலையை இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "செய்யுங்க. வண்டியாவது இருக்கட்டும்."

பழங்களை இசக்கியே அள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டான். நான் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தேன். புளிப்பு நுரைத்து வந்தது. நல்ல தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, பித்தளை நிறம் தெரியும்வரை உப்புத்தாளால் உரசினேன். தொப்பிகளுக்குள் கிரீஸைத் தடவி, டக்கென்று உட்காரும்வரை அழுத்தினேன்.

மூன்றாவது பிளக் பின்பக்கம் இருந்தது. இசக்கியின் கை எட்டாத இடம், பழச்சாறும் போகாத இடம். நான் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தேன். தொப்பியின் வாயைச் சுற்றி, தண்ணீர் நுழையாமல், மை அடைத்துப் பெருவிரலால் அழுத்தியிருந்தது. அது காய்கிற மை இல்லை. மெல்லிய தூசி படிந்து, விரலின் ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கத்தாரில் இன்ஜின் பெல்ட் சுடலையின் விரலைக் கடித்த தழும்பு. அந்த விரலுக்குத் துணி சுற்றிவிட்டவன் நான்தான்.

நேற்று வளைவில் வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் அந்தக் கணம்தான் கையை எடுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

நான் பேச்சியைக் கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் விரல் தானாக அந்தப் பக்கம் போனது.

"தொடலாமாண்ணாச்சி?"

"தொட்டால் அழிஞ்சிடும், தங்கச்சி."

விரலை மடக்கிக்கொண்டாள். நான் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை. சீட்டை இறக்கி மூடினேன்.

ஓட்டிப் பார்க்கவேண்டும். மூன்று பேரும் ஏறினோம், அவள் முன்னால், நான் பின்னால். சாரல் வலுத்திருந்தது. வளைவு வந்தது. ஓடைத் தண்ணீர் நேற்றைவிட அதிகம். வண்டி இறங்கியது, தண்ணீர் அடித்தட்டில் அறைந்தது. பேச்சி இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வரும் என்று நானும் காத்திருந்தேன். அதைச் சரிசெய்தவனே நான், ஆனாலும் அது இருமவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருமவில்லை. நாவல் மரம் பின்னால் போனது.

கொஞ்சத் தூரம் போனதும் இன்ஜின் நின்றது.

"நின்னுட்டு மதினி" என்றான் இசக்கி. நான் அவன் கையைப் பார்த்தேன். கை சாவியில் இருந்தது.

"நீதாம்லே நிப்பாட்டுன" என்றாள் பேச்சி. "அவிய நிப்பாட்டுததும் நீ நிப்பாட்டுததும் எனக்குத் தெரியாதா?"

அவன் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு வருடமாக அந்த வளைவில் வண்டி எத்தனையோ தடவை நின்றும் ஒருநாளும் இறங்காதவள், சாரலில் திரும்பி நடந்து போய் நாவல் மரத்தடியில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு அவள் அழும் சத்தம் கேட்டது. துக்க வீட்டில் நான் எதிர்பார்த்து வந்த அழுகை. இசக்கியும் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வண்டிக்குள் நான் தனியே இருந்தேன். ஆளில்லாத முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. என்ன என்று எனக்குத் தெரியும், இரும்பு ஆறுகிற சத்தம். தெரிந்தும், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, "போட்டு வாறன் மச்சான்" என்று மெல்லச் சொல்லி விடைபெற்றேன். சொன்ன பிறகுதான் எனக்கும் கண் நிறைந்தது.

அவர்கள் நனைந்துபோய் வந்து ஏறினார்கள். பேச்சி புனலூர்க்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். இசக்கி சொன்னான். பிறகு சாவியைத் திருப்பினான், வண்டி பிடித்தது. பேச்சி ஈரச் சேலை நுனியைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

"அண்ணாச்சி, அந்த மையி எத்தன நாளைக்கி நிக்கும்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கழட்டாட்டில் வருசக்கணக்கா நிக்கும் தங்கச்சி. காயாது."

"அப்பம் கழட்டாண்டாம்."

"அடுத்த வருசம் பிளக் மாத்தணுமே மதினி" என்றான் இசக்கி.

"மத்த ரெண்டையும் மாத்துலே" என்றாள் பேச்சி.